பாசிமணிப் பையின் கடைசி வரிசை

பாசிமணிப் பையை அழகு என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் அதைப் பின்னியவர்களாக இருக்க மாட்டார்கள். பின்னிய எங்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட கிறுக்கு வேலை என்று. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே மொத்தப் பையையும் பட்டு நூலில் கோத்து முடித்துவிட வேண்டும். அதுவும் தலைகீழாக. பையின் வாயை முதலில் கோக்க வேண்டும், அடியைக் கடைசியில். கடைசியாகக் கோத்த மணிதான் முதலில் ஊசிக்கு வரும். முதல் நாள் கோத்தது நூல் உருண்டையை ஒட்டி வால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, தன் முறை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும்.

இது ஒற்றை ஆள் வேலையும் இல்லை. கட்டம் போட்ட தாளைப் பார்த்து "மூணு நீலம், ஒரு வெள்ளை" என்று ஒருவர் வாசிக்க, இன்னொருவர் குனிந்த தலை நிமிராமல் கோக்க வேண்டும். கோக்கிறவளுக்கு நிறம்தான் தெரியும், உருவம் தெரியாது. சரத்தைப் பார்த்து இது ரோஜா, இது இலை என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னப் பின்னத்தான் அது எழுந்து வரும். எங்கள் ஊரில் அக்கா வாசிப்பாள், தங்கை கோப்பாள். ராக்சானாவுக்கு வாசித்தவன் எல்நேதன்.

நான் திர்சா, ஊர்ச் சத்திரக்காரரின் மனைவி. எங்கள் மாடியில் நடனக் கூடம் இருக்கிறது. பிடில்காரர் வந்து கம்பியை முறுக்குவதற்கு முன்பே பெண்கள் மணிக்கட்டில் பை தொங்க வந்து சேர்ந்துவிடுவார்கள். கௌனை யார் தைத்தது என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். பையைத்தான் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். பையின் வாயைச் சுற்றி வரும் வாய்ப்பட்டையில், அவள் பெயருக்கும் குடும்பப் பெயருக்குமாக இரண்டு முதலெழுத்து மட்டும் இருந்தால் கன்னிப் பெண். நான்கு எழுத்து இருந்தால் நிச்சயமானவள், அவள் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர். மோதிரம் மாற்றுவது எங்கள் சபையில் கிடையாது, ஆடம்பரமாம். பையில் ஏறிய பெயர்தான் எங்களுக்கு மோதிரம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் என் சமையலறை ஜன்னலோரமே பழியாய்க் கிடந்தார்கள். ராக்சானா த்ரால் எங்கள் அடுத்த வீடு. அப்பா போனபிறகு அண்ணன் லெமுவேலோடு இருந்தாள். லெமுவேல் வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் நடப்பதெல்லாம் அவன் மனைவி கெத்தூராவின் ராஜ்யம், அந்த ராஜ்யத்தில் காதலுக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை. எனவே பனி கொட்டும் பகல்களில், வயலில் வேலை இல்லாத எல்நேதன் பிட்வெல் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான். கல் மட்டுமே விளையும் பண்ணையில் கடைசிப் பிள்ளை அவன். வசந்தம் வந்ததும் மேற்கே புது நிலம் கிடைக்கும் ஒஹாயோவுக்குப் போய், காடு வெட்டி, வீடு போட்டு, மறு வருடம் திரும்பி வந்து இவளை அழைத்துப் போவதாகப் பேச்சு.

ரோஜாவையும் வீட்டையும் ராக்சானாவே தாளில் போட்டு வைத்திருந்தாள். ஒஹாயோவில் அவர்கள் இருக்கப்போகும் வீடாம் அது. வாய்ப்பட்டைக்கு மட்டும் எல்நேதன் கையை நீட்டினான்.

"எழுத்து வர்ற இடத்தை நான் வரையறேன், ராக்ஸி. நீ எட்டிப் பாக்கக் கூடாது."

"ஏன், உங்க பேரை எழுத உங்களுக்கே தெரியாதுன்னு பயமா?"

"பின்னி முடிக்கிறப்ப பாத்துக்கோ. அதுவரைக்கும் ஆசையா இருக்கட்டும்."

"பாத்தீங்களா திர்சாக்கா, இப்பவே அதிகாரத்தை!" என்று என்னிடம் முறையிட்டாள். முகம் என்னவோ அடுப்பை விடப் பிரகாசமாக இருந்தது.

அவன் வாசித்தான், அவள் கோத்தாள். வாய்ப்பட்டை முடிந்ததும் அந்தத் தாளை இரண்டாக மடித்து என் அடுப்புக்குள் போட்டான்.

"நூல்ல ஏறியாச்சு. இனிமே காகிதம் எதுக்கு, அக்கா?"

எனக்கே அது ரொம்ப அழகாகப் பட்டது. என் புருஷன் எனக்காக எரித்தது கஞ்சிச் சட்டியை மட்டும்தான்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் வீடும் இலையும் ரோஜாவும் நூலில் ஏறின. அவன் வாசிக்கிற லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். நடுவில் பாடுவான், கொட்டாவி விடுவான், "நாலு சிவப்பு, ஒரு முத்தம், ரெண்டு பச்சை" என்பான். அவள் கத்தரிக்கோலால் அவன் முட்டியில் தட்டுவாள். பனி உருகி ரோடெல்லாம் சேறான சமயத்தில் மாட்டு வண்டியில் மூட்டையைப் போட்டுக்கொண்டு அவன் கிளம்பிப் போனான். சேறும் கொசுவும்தான் இங்கே விளைச்சல் என்று ஒரு தரம் கடிதம் வந்தது. அதோடு சரி.

ராக்சானா பின்ன ஆரம்பித்தாள். கெத்தூராவின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வெண்ணெய் கடைந்து, பன்றிக்குத் தீனி போட்டு, மிச்சமிருந்த நேரத்தில்தான் பின்ன முடிந்தது. ஊசிகள் வைக்கோல் கனம்கூட இருக்காது, மணியோ கடுகு அளவு. அவசரப்பட்டால் நூல் அறுந்துபோகும். கோடையில் ரோஜாக்கள் எழுந்து வந்தன. ஒரு மத்தியானம் அவள் வேலியைச் சுற்றி வரக்கூடப் பொறுமை இல்லாமல், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தாள்.

"அக்கா, இந்த ரோஜாவைப் பாருங்க! வாசிக்கிறப்ப தப்பு விட்டிருக்கார்!"

ஒரு பக்க இதழ் பொன்னுக்கு வீங்கி வந்த கன்னம் மாதிரி உப்பியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் வீடு வந்தபோது புகைபோக்கியிலிருந்து புகை இரண்டு பக்கமும் போயிற்று. "ஒஹாயோவுல காத்து அப்படித்தான் அடிக்கும்போல" என்றாள். கடிதம் வராத மாதங்களில் இந்தத் தப்புகள்தான் அவளுக்குக் கடிதம். ஒவ்வொன்றும் ஊசிக்கு வரும்போது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியே அவளுக்கு இருந்திருக்க வேண்டும். ஆள் போய் ஒரு வருடம் நெருங்கும்போது அது போதுமா என்று எனக்குத் தோன்றியது.

சொன்ன வருடம் வந்தும் அவன் வரவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் தகரச் சாமான் விற்கும் ஒசையாஸ் மேற்கே சுற்றிவிட்டு எங்கள் சத்திரத்துக்கு வந்தார். கெத்தூரா என்னிடம் ஈஸ்ட் கடன் கேட்க வந்து சமையலறையில் நின்றிருந்தாள்.

"எங்க பிட்வெல் பையனைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேனே. மர வீடு போட்டிருக்கான். வாசல்ல ஒரு பொண்ணு ஈரத்துணி உலத்திக்கிட்டிருந்தா. இடுப்புல கைக்குழந்தை."

"யாரோட குழந்தை?"

"நான் வாளி விக்கப் போனேன்ம்மா, ஞானஸ்நானம் குடுக்கப் போகல." ஆப்பிள் சாற்றை ஒரு மடக்கு குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்றேன். நான் எந்த ஊர்லேருந்து வர்றேன்னு அவனுக்குத் தெரியும். ஊர்ல ஒருத்தரைப் பத்தியும் கேக்கல."

கெத்தூராவுக்கு ஈஸ்ட் மறந்துபோயிற்று. அவள் நடையைப் பார்த்ததும், தனியே விட்டால் அந்தப் பெண்ணைக் கடித்துக் குதறிவிடுவாள் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

ராக்சானா கொல்லையில் பூசணிக்காயை அறுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கத்தி நின்றது, அவ்வளவுதான்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணா இருக்கும்" என்றாள்.

"காட்டுக்குள்ள ஏதுடி பக்கத்து வீடு?" என்றாள் கெத்தூரா. "கேளு. உருண்டைப் பக்கமா ஒரு வெட்டு வெட்டு. வால்லதானே இருக்கான் அவன்? பேரெல்லாம் உதிர்ந்து தரையில கிடக்கும், நானே பெருக்கி அள்ளிப் போடறேன். பூவும் வீடும் உனக்கு அப்படியே மிஞ்சும். வாய்ப்பட்டைக்கு வேற ஏதாவது கோத்துக்கோ."

கெத்தூரா சொன்னதில் தப்பில்லை. அது அவ்வளவு லேசான காரியம்தான். வால் பக்கத்து மணிகளை எடுக்க ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டாம்.

"மாட்டேன் அண்ணி. அவர் பேரை அவர் வாயாலயே வாசிச்சார். யாரும் வாசிக்கச் சொல்லல. அவரா தாளை வாங்கி, அவரா வரைஞ்சு, அவரா வாசிச்சார். வேற ஒருத்தியக் கட்டற எண்ணம் இருந்தா அப்படிச் செய்வாரா?"

"ஆம்பளைக்கு எண்ணம் வர எவ்வளவு நேரமாகும்!"

"பேர் இருக்கற வரைக்கும் நான் நிச்சயமானவ. அவ்வளவுதான்."

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ஒரு சுற்றுக்கு எத்தனை மணி என்று அவளுக்குத் தெரியும். வால் சரத்தை அந்தக் கணக்குக்கு வரிசை வரிசையாக மேஜையில் மடித்துப் பரப்பினால், எழுத்து இப்போதே தெரிந்துவிடும். "பாத்துடேன் ராக்ஸி, மனசுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றேன்.

அவள் முகம் சிவந்துபோயிற்று. "சத்தியம் பண்ணிக் குடுத்தவர் வாயைத் திறந்து குதிரைக்குப் பாக்கற மாதிரி பல்லை எண்ணிப் பாக்கச் சொல்றீங்களா, அக்கா? நம்பினா நம்பணும்."

அறுவடை முடிந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லும் நாளுக்கு முந்தின வாரம், எங்கள் சபையின் டீக்கன் ஆசகேல் கோப் ராக்சானாவைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர். நல்ல மனிதர், நிலபுலன் உண்டு, தாயில்லாத இரண்டு பெண் குழந்தைகள். செம்மறி வாசனை அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குள் நுழைந்துவிடும், அது ஒன்றுதான் குறை. கெத்தூரா நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

"எனக்குச் சுத்திவளைச்சுப் பேசத் தெரியாதும்மா ராக்சானா" என்றார் டீக்கன். "என் பிள்ளைங்களுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. எனக்கும்தான். உனக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு கதவு இருக்கும். யாரும் உன்னை ஏவ மாட்டாங்க."

கெத்தூரா இதற்குக் கோபப்படக்கூட மறந்து ராக்சானாவின் வாயையே பார்த்தாள்.

"எனக்கு நிச்சயமாயிடுச்சு, டீக்கன்."

"ஊர்ல வேற மாதிரி பேசிக்கறாங்களேம்மா."

"பேர் கோத்திருக்கு. அவர் வாசிச்சு நான் கோத்தது. திர்சாக்கா வீட்டுல."

டீக்கன் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? வாசித்ததைக் கேட்டவள் நான், ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"பேர் ஏறிட்டா நான் குறுக்க நிக்கறது முறையில்ல. அந்தப் பையன் சீக்கிரம் வரட்டும்."

அவர் போனதும் கெத்தூரா போட்ட சத்தத்தில் என் வீட்டுக் கோழிகள் எழுந்து ஓடின. "உனக்கு அடுப்பும் கதவும் ஒருத்தர் தூக்கிக் குடுக்க வந்தா, பாசிமணியைக் காட்டி அனுப்பறியே! இங்கயே கிழவியாயிட்டு என் பிள்ளைங்க பிள்ளைக்கும் மூக்குத் துடைச்சு விடப் போறியா?" ராக்சானா கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

பனி முழுசாக உருகுவதற்கு முன்பே டீக்கன் மில்காரரின் தங்கையைக் கட்டிக்கொண்டார். அவர் பேரில் குற்றம் சொல்ல முடியாது, குழந்தைகள் இருக்கும் வீடு. அந்தக் கல்யாண நடனம் எங்கள் மாடியில்தான் நடந்தது. ராக்சானா பை இல்லாமல் வெறுங்கையோடு வந்து சுவரோரம் நின்றாள். புதுப் பெண்ணின் பையைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லாரும் பார்த்தார்கள். கொல்லர் மனைவி சும்மா இருக்காமல், "உன்னோடது எப்ப ராக்ஸி? மாப்பிள்ளை எந்த வரிசையில வர்றார்?" என்று கேட்டுவைத்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். ராக்சானாவும் சிரித்து, "பக்கத்துல வந்துட்டார்" என்றாள். அவளுக்கு அந்த வார்த்தையில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது, கேக் வெட்டப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

கெத்தூராவுக்கு அடுத்த குழந்தை பிறந்தது. சமையலறைக்கு மேலே ராக்சானாவுக்கு இருந்த சின்ன அறை தொட்டிலுக்குப் போயிற்று. அவள் பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரே கட்டிலில் படுத்தாள். பையை வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு மூலைகூட இல்லாமல் போனதால், என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தாள்.

வாய்ப்பட்டை ஊசிக்கு வந்தது ஏப்ரலில். ஆப்பிள் மரங்கள் இன்னும் மொட்டு விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போனபிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரு கண்ணை அங்கே வைத்திருந்தேன். முதலில் வெறும் நீலம். அப்புறம் வெள்ளை மணிகள் வந்தன.

"அக்கா, வந்துட்டுது! இது என் எழுத்தோட கால்."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவள் பெயரின் இரண்டு எழுத்துக்கும் பாதங்கள் ஒழுங்காக வந்திருந்தன. பையின் நேர் நடுவில் இருந்தன. அது எனக்கு உறுத்தியது. நான்கு எழுத்து வர வேண்டிய பட்டையில் அவளுடையது ஏன் நடுவில் வரவேண்டும்? ஒதுங்கியல்லவா இருக்க வேண்டும்? அவன் பெயரின் முதல் எழுத்தான E-க்கு அடியில் ஒரு நீட்டுப் படுக்கைக்கோடு உண்டு, எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஒற்றை வெள்ளை மணி நின்றது. அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒன்று.

"அலங்காரமா எழுதியிருக்கார்போல" என்றாள்.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பின்னினாள். அடுத்த சுற்றிலும் ஒற்றை மணிதான். அதற்கடுத்த சுற்றில் அதற்கு இரண்டு பக்கமும் பச்சை வந்தது. எழுத்தில் பச்சை எங்கிருந்து வரும்? கோக்கும்போது பச்சை கேட்டது அவளுக்கும் நினைவிருந்திருக்கும், எழுத்தைச் சுற்றிக் கொடி ஓடவிடுகிறான் என்று நினைத்திருப்பாள். அவள் கைகள் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய இரண்டு எழுத்தும் தெளிவாக மேலே ஏறின. இரண்டு ஓரத்திலும் காம்பு ஏறியது, இலை பிரிந்தது, உச்சியில் ஒரு மொட்டு உட்கார்ந்தது. வெயில் ஜன்னலை விட்டு நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடுவில் ராக்சானா த்ராலின் இரண்டு எழுத்து, பக்கத்துக்கு ஒரு பூங்கொத்து. ஊரில் எந்தக் கன்னிப் பெண்ணின் பையை வாங்கிப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும்.

கெத்தூரா மாவு பொங்கி வழிகிறது என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தாள். ராக்சானாவின் மடியைப் பார்த்தாள். எழுத்துகளை எண்ண அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. திறந்த வாயை அவள் பேசாமல் மூடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"வெட்டு வெட்டுன்னு சொன்னீங்களே, அண்ணி" என்றாள் ராக்சானா. குரல் உயரவே இல்லை. "வெட்டறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

கெத்தூரா அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். "ரொட்டியை நான் போட்டுக்கறேன். நீ இரு" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாவி! இந்தப் பட்டையைத்தானே அவள் எல்லாவற்றுக்கும் முன்னால் கோத்தாள். ரோஜாவுக்கு முன்னால், இலைக்கு முன்னால், அவர்கள் இருக்கப்போகும் வீட்டுக்கு முன்னால். மனசு மாறிவிட்டான், தூரம் பிரித்துவிட்டது, எவளோ மயக்கிவிட்டாள் என்றெல்லாம் நாங்கள் அவனுக்காக எத்தனை சமாதானம் கண்டுபிடித்திருந்தோம்! ஒன்றும் மாறவில்லை. அந்தப் பாட்டும் கொட்டாவியும் முத்தமும் இருந்த பகல்கள் அத்தனையிலும், தன் பெயரை ஏற்கெனவே விட்டுவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறான். சொல்லத் தைரியம் இல்லாமல் அவள் கையாலேயே கோக்க வைத்திருக்கிறான். டீக்கனைத் திருப்பி அனுப்பினாளே, எதைக் காட்டி அனுப்பினாள் என்று நினைக்க நினைக்க, ஒஹாயோவரை நடந்தே போய் அவன் வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

"ராக்ஸி, அழுதுடு. யாரும் இல்ல" என்றேன்.

அவள் அழவில்லை. கட்டைவிரலால் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கத்து மொட்டு, அந்தப் பக்கத்து மொட்டு என்று.

"ரோஜாவுல தப்பு விட்டார். வீட்டுல தப்பு விட்டார்" என்றாள். "இதுல பாருங்க அக்கா. ரெண்டு பக்கமும் ஒரு மணி கூடப் பிசகல. எவ்வளவு கவனமா வாசிச்சிருக்கார்."

விளிம்புக்கு இன்னும் சில சுற்று நீலம் பாக்கி இருந்தது. அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள்.